500 ரூபாய்க்கு 7 டன்: கார்பன் ஆஃப்செட் வாங்கியவனின் குறிப்புகள்

வாசகர் கேள்வி, 2024 பிப்ரவரி 3

லண்டனுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறேன். பணம் கட்டும் பக்கத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டம். "உங்கள் பயணத்தின் கார்பனை ஈடுகட்ட விருப்பமா?" என்று கேட்கிறது. பிளைட் விடும் புகைக்குப் பதிலாக வேறெங்கோ புகை குறையக் காசு கொடுப்பதாம், ஆஃப்செட் என்று பெயர். டிக் போடலாமா? இப்படி ஆன்லைனில் காசு கட்டிக் கார்பனைக் கழித்தவர்கள் யாராவது உண்டா? அந்தக் காசு யாருக்குத்தான் போகிறது?

பிப்ரவரி 3, இரவு 10.40

நான் கழித்திருக்கிறேன். அந்தக் கட்டத்தில் டிக் போட்டு அல்ல. தனியாக ஒரு தளத்துக்குப் போய் ஒரு வருஷக் கணக்கையே மொத்தமாகத் தீர்த்தேன். 2019 டிசம்பர் கடைசி வாரம். அந்த வருஷம் ஆபீஸ் வேலையாக ஃபிராங்ஃபர்ட் போய் வந்திருந்தேன், அந்த உறுத்தல்.

தளம் கேட்டதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இ.பி. கார்டு, சிலிண்டர் புக், ஸ்கூட்டர் பெட்ரோலுக்கு ஒரு குத்துமதிப்பு. கரண்ட் 620 யூனிட், வருஷத்துக்கு 7,440. நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக 5.2 டன். சிலிண்டர் ஒன்பது, ஒன்றுக்கு 42 கிலோ. பெட்ரோல் 144 லிட்டர், லிட்டருக்கு 2.3 கிலோ. இவை இரண்டும் சேர்ந்து 700 கிலோ சொச்சம். பிளைட் போக வர ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கீழே. 7 டன் என்று முழுசாக்கினேன்.

அப்புறம் துணிக்கடைத் தளம் மாதிரிதான். காற்றாலை, சாண எரிவாயு, விறகடுப்பு, காடு என்று படம் போட்டு வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நான் எடுத்தது தமிழ்நாட்டு நூற்பாலைகள் சேர்ந்து வைத்த காற்றாலைத் தொகுப்பு ஒன்று. நமக்கு ஊர் பணகுடி. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் வளர்ந்த உடம்பு, வேறெதை எடுப்பேன்? டன் ஒரு டாலர். ஏழு டாலர், அன்றைக்கு 500 ரூபாய். ஐந்து நிமிஷத்தில் மெயிலில் சான்றிதழ் வந்தது. என் பெயர், 7 டன், ஓரத்தில் ஒரு பச்சை இலை.

மிச்சம் நாளைக்கு.

பிப்ரவரி 4, காலை

காசு எங்கே போகிறது என்று கேட்டீர்கள். எங்கோ ஒருவர் புகை குறைகிற மாதிரி ஒரு வேலை செய்கிறார். தணிக்கையாளர் வந்து பார்த்து இத்தனை டன் குறைந்தது என்று எழுதுகிறார். டன்னுக்கு ஒரு கிரெடிட், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். இதற்கென்று பதிவேடு இருக்கிறது. 1997 கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தில் பிறந்த சி.டி.எம். (தூய்மை வளர்ச்சி முறை) ஐ.நா.வுடையது, வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு எல்லாம் தனியார் அமைப்புகள். நீங்கள் வாங்கினால் அந்த எண்ணைப் பதிவேட்டில் "ரிட்டையர்" செய்துவிடுவார்கள். பஸ் டிக்கெட்டைக் கிழிக்கிற மாதிரி. அப்புறம் அதை வேறு யாருக்கும் விற்க முடியாது.

ஐ.நா. காலநிலை அலுவலகமே சில்லறை வியாபாரத்துக்கு ஒரு தளம் வைத்தது. கோல்டு ஸ்டாண்டர்டும் நேரடியாக விற்கிறது. பிளைட் கம்பெனி கட்டம் எல்லாம் பெரும்பாலும் இடைத்தரகர் வழி.

கணக்கு ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு மாதிரி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே ஃபிராங்ஃபர்ட் பயணத்தை ஜெர்மனியின் அட்மாஸ்ஃபேர் தளத்தில் போட்டுப் பார்த்தால் மூன்று மடங்குக்குப் பக்கம் வந்தது. ஏமாற்று இல்லை. அவர்கள் எரிபொருளின் கார்பனோடு நிறுத்துவதில்லை. அவ்வளவு உயரத்தில் விடும் நைட்ரஜன் ஆக்சைடும், பின்னால் கோடு கோடாக விழுகிற மேகமும் பூமியைச் சூடாக்குவதையும் சேர்க்கிறார்கள். டிக்கெட் பக்கத்துக் கட்டத்தில் பெரும்பாலும் சின்ன எண்தான் இருக்கும்.

பிப்ரவரி 4, மாலை

"14.2 கிலோ சிலிண்டரில் இருந்து 42 கிலோ எப்படி வரும், அண்ணே?" என்று ஒரு தம்பி. கேஸில் இருப்பது கரி. எரியும்போது காற்றில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. 12 கிராம் கரி 44 கிராமாக வெளியே போகும். அடுப்பங்கரையில் இருந்து கிளம்புகிற எடையில் பெரும்பங்கு காற்றிலிருந்து வந்ததுதான்.

பிப்ரவரி 4, இரவு

மானம் போனது. நேற்றுப் போட்ட கணக்கைப் பார்த்து ஒருவர் கேட்டார்: "இ.பி. ரீடிங் இரண்டு மாசத்துக்கு ஒரு தடவைதானே?"

ஆமாம். 620 யூனிட் இரண்டு மாசத்துக்கு. அதை ஒரு மாசமாக எடுத்துப் பன்னிரண்டால் பெருக்கியிருக்கிறேன். வருஷத்துக்கு 3,720, அதாவது 2.6 டன். மொத்தம் 4.2. இத்தனை வருஷம் கவனிக்கவே இல்லை. ஒரு பைசா செலவில்லாமல் ஒரே ராத்திரியில் 2.6 டன் குறைத்த ஆள் நான்தான். மீதிக் கிரெடிட் கையிருப்பில் இருக்கிறது, வேண்டுபவர்கள் சொல்லவும்.

ஆனால் இதில் ஒன்று உண்டு. தளம் என்னை எதிர்க்கேள்வியே கேட்கவில்லை. நான்கு பேர் வீட்டில் மாசம் 620 யூனிட்டா என்று மளிகைக்கடை அண்ணாச்சிகூடக் கேட்டிருப்பார்.

பிப்ரவரி 11

சான்றிதழில் வரிசை எண் இருந்தால் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள் என்று இங்கே ஒருவர் சொன்னார். பழைய மெயிலைத் தோண்டி எடுத்துப் பார்த்தேன். எண் உண்மையானது, ரிட்டையர் ஆகியிருக்கிறது. சந்தோஷம். பக்கத்தில் உற்பத்தி ஆண்டு என்று ஒரு பத்தி: 2013.

அதாவது 2019ல் நான் பறந்ததற்கு 2013 ஆடியில் வீசிய காற்று ஈடு. நான் காசு கட்டியதால் கூடுதலாக ஒரு இலைகூட ஆடவில்லை. அந்தக் காற்று வீசி, விசிறி சுற்றி, கரண்ட் மில்லுக்குப் போய் நூலாகி, நூல் துணியாகி, துணியும் கிழிந்திருக்கும்.

ஏன் ஒரு டாலர் என்பதும் இதிலேயே தெரிந்துவிட்டது. சி.டி.எம். கிரெடிட் 2008ல் 20 யூரோவுக்கு மேல் விற்றது. 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே. வாங்க ஆளில்லாமல் குவிந்து கிடந்த சரக்கில் ஏழு டன்னைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 12

இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. உற்பத்தி ஆண்டு திட்டப் பக்கத்திலேயே போட்டிருந்தது. நான் படிக்கவில்லை.

பிப்ரவரி 25

பரிகாரம் என்று ஒருவர் ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். திருநள்ளாறு போய் நளதீர்த்தத்தில் முங்கி, உடுத்தியதை விட்டுவிட்டு வருகிற மாதிரி. வெள்ளைக்காரர்களும் இதைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். 2007ல் பிரிட்டனில் சீட்நியூட்ரல் என்று ஒரு தளம். கட்டியவளுக்குத் துரோகம் செய்துவிட்டீர்களா? இரண்டரை பவுண்டு கட்டுங்கள், வேறு யாராவது உங்கள் சார்பில் ஒழுங்காக இருப்பார்கள்.

ஆனால் பரிகாரத்தோடு நிறுத்தினால் விஷயத்தின் முடிச்சு பிடிபடாது. விட்ட துணி யாருடையது, அதை எப்படியும் விட்டிருப்பாரா என்பதுதான் கேள்வி. என் ஏழு டாலர் இல்லாவிட்டாலும், பொதுவாகக் கார்பன் காசே இல்லாவிட்டாலும், அந்தக் காற்றாலை வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் நான் வாங்கியது பூஜ்யம்.

இதை நம் காற்றாலைகளை வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். ரஃபேல் கலெலும் உடன் மூவரும் 2021ல் வெளியிட்ட ஆய்வு. இந்தியாவில் 1,350 காற்றாலைத் திட்டங்களை எடுத்துக்கொண்டு, சி.டி.எம். காசு வாங்கியதையும் வாங்காததையும் ஒப்பிட்டார்கள். காற்று குறைவான இடம், சின்னத் திட்டம் எல்லாம் காசு வாங்காமலே ஓடிக்கொண்டிருந்தன. அதைவிட லாபமான இடத்தில் இருந்தவை "காசு இல்லாவிட்டால் கட்ட முடியாது" என்று கிரெடிட் வாங்கியிருந்தன. ஒப்புதல் கிடைத்த கிரெடிட்டில் குறைந்தது 52 சதவீதம் எப்படியும் வந்திருக்கக்கூடிய திட்டங்களுக்குப் போனது என்பது அவர்கள் முடிவு. குறைந்தது.

வெர்ராவும் கோல்டு ஸ்டாண்டர்டும் இதைத் தாமதமாகவாவது உணர்ந்தார்கள். மிகப் பின்தங்கிய நாடுகள் தவிர மற்ற இடங்களில், கிரிட்டுக்கு, அதாவது பொது மின்கம்பிக்குக் கரண்ட் கொடுக்கும் புதிய காற்றாலை, சோலாரை இப்போது பெரும்பாலும் எடுப்பதில்லை.

மார்ச் 3

அடுப்புத் திட்டம் பரவாயில்லையா என்று கேட்கிறார்கள். கோல்டு ஸ்டாண்டர்டு பக்கத்தில் அதிகம் கண்ணில் படுவது அதுதான். புகை குறைந்த அடுப்பு கொடுத்து, விறகு மிச்சம், காடு மிச்சம் என்று கிரெடிட். இந்த ஜனவரியில் நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி இதழில் கலிஃபோர்னியா பெர்க்லி ஆட்களின் ஆய்வு வந்தது. அவர்கள் எடுத்த திட்டங்களில் உண்மையில் குறைந்ததைப்போல 9.2 மடங்கு கிரெடிட் எழுதியிருக்கிறார்கள்.

ஏன் என்று எனக்கு ஆய்வு படிக்காமலே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஆச்சி வீட்டில் 1996ல் கேஸ் வந்தது. காப்பி கேஸில். சோறு விறகில், அதுதான் ருசி. வெந்நீர் கடைசி வரைக்கும் பின்கட்டு அடுப்பில். கணக்கு எழுதுகிறவர் கேஸ் வந்தது என்று டிக் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

இரண்டாவது, அடுப்பில் எரிந்தது என்ன? தென்னம்பாளை, சில்லாட்டை, பனமட்டை. எந்தக் காடும் அழியவில்லை. அடுத்த மாசம் மறுபடி விழும். அதைக் காட்டு மரமாகக் கணக்கு எழுதினால் ஒன்பது மடங்கு ஏன் வராது?

ஆனாலும் ஆச்சிக்கு இருமல் குறைந்தது. இதை எந்த டன்னில் சேர்ப்பது என்று தெரியவில்லை, சும்மா சொல்லிவைக்கிறேன்.

மார்ச் 21

கேள்வி கேட்ட நண்பருக்கு நேரான பதில் நேற்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்திருக்கிறது. கே.எல்.எம். விமான நிறுவனத்தின் விளம்பரங்கள் பயணிகளைத் தவறாக வழிநடத்தின என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மரம் நட, மாற்று எரிபொருள் வாங்கக் காசு கொடுத்தால் பறப்பதன் பாதிப்பு ஈடாகிவிடும் என்கிற மாதிரிப் பேச்சுதான் வழக்கு. ஈஸிஜெட் என்ற பிரிட்டன் விமான நிறுவனம் 2019ல் தன் எல்லாப் பயணங்களுக்கும் தானே ஆஃப்செட் கட்டுவதாக அறிவித்து, 2022ல் விட்டுவிட்டது. ஐரோப்பாவில் 2026 செப்டம்பர் 27 முதல், ஆஃப்செட்டை வைத்துக்கொண்டு ஒரு பொருளைக் கார்பன் நியூட்ரல், அதாவது கார்பன் பாதிப்பே இல்லாதது என்று விற்கவே முடியாது.

டிக்கெட் போட்டாச்சா, அதைச் சொல்லவே இல்லையே?

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். லீவில் மேப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2002ல் கோல்ட்பிளே இசைக்குழு தன் இரண்டாவது ஆல்பத்தின் கார்பனை ஈடுகட்டக் கர்நாடகத்தில் 10,000 மாங்கன்று நட ஏற்பாடு செய்தது. ரசிகர்களும் தளத்தில் காசு கட்டித் தங்கள் பெயரில் கன்று வாங்கலாம். 2006ல் பத்திரிகைக்காரர்கள் குடிபண்டே பக்கம் போய்ப் பார்த்தபோது பெரும்பாலான கன்றுகள் காய்ந்திருந்தன. தண்ணீர் இல்லை. கன்று கொடுத்தவர்கள் தண்ணீர் ஊற்றக் காசு கொடுக்கவில்லை.

குடிபண்டேயிலிருந்து பக்கத்துத் தாலுகா பாகேப்பள்ளி. அங்கே கூலிக்காரர்களும் சிறு விவசாயிகளும் சேர்ந்த கூலி சங்கம் 5,500 சாண எரிவாயுக் கலன்களைச் சி.டி.எம்.மில் 2005ல் பதிவு செய்தது. வீட்டுக்கு இரண்டு கன மீட்டர் கலன். கார்பன் காசு சங்கத்துக்கு வந்தது.

அதே வறண்ட மண், அதே வருஷங்கள். மாங்கன்றுக்கு யாரோ வெளியில் இருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். கலன் ஓட வேண்டுமென்று நினைக்கிறவளோ தினம் காலையில் அதில் சாணம் கரைக்கிறவள், இல்லாவிட்டால் அவளேதான் விறகு பொறுக்கப் போக வேண்டும். அடுத்த தடவை ஒரு திட்டத்தின் பக்கத்தைத் திறந்தால் இதைத்தான் முதலில் தேடுவேன். அது நின்றுபோனால் முதலில் யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 15

கன்று என்றதும் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் முன்னால் ஒரு செயலியில் மகள் பிறந்தநாளுக்கு மரம் வாங்கினேன். பெயர் வேண்டாம். கன்று படம் மெயிலில் வந்தது, இடக்கைப் பக்கம் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குடம். ஆறு மாசம் கழித்து ஆபீஸ் சிநேகிதர் தன் அப்பா பெயரில் வாங்கிய மரத்தைக் காட்டினார். அதே கன்று, அதே குடம். என் மகளும் அவர் அப்பாவும் ஒரே மரத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

சீனாவில் அலிபே செயலிக்குள் ஆன்ட் ஃபாரஸ்ட் என்று ஒன்று 2016லிருந்து ஓடுகிறது. நடந்து போனால், பஸ்ஸில் போனால், பில்லை ஆன்லைனில் கட்டினால் பச்சைப் புள்ளிகள். புள்ளி சேர்ந்தால் உள் மங்கோலியா, கான்சு பக்கம் உண்மையான மரம் நடுவார்கள். வேடிக்கை, நீங்கள் சேர்த்ததை எடுக்கத் தாமதமானால் சிநேகிதர்கள் திருடிக்கொள்ளலாம். அதற்காகவே விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்தவர்கள் ஏராளம். 2019ல் ஐ.நா. விருது கொடுத்தபோது 50 கோடிப் பேர், 12 கோடி மரத்துக்கு மேல் என்று கணக்குச் சொன்னார்கள்.

ஏப்ரல் 16

திருத்தம்: ஆன்ட் ஃபாரஸ்ட் ஆஃப்செட் இல்லை. அதில் யாரும் கிரெடிட் வாங்குவதில்லை. சரியாகச் சுட்டிக்காட்டினார்கள். ஒருவேளை அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. பஸ்ஸில் போனதற்குப் பரிசு கொடுக்கிறார்களே தவிர, பறந்ததற்கு மன்னிப்பு விற்கவில்லை.

மே 19

"இந்தியன் சராசரி இரண்டு டன், அமெரிக்கன் பதினாலு டன், நீ ஏன் அழுகிறாய்" என்று ஓர் ஐயா கோபமாக எழுதியிருக்கிறார். சரிதான். என் வீட்டில் நான்கு பேருக்கு வருஷம் முழுக்க எரிந்த கேஸ் 380 கிலோ. நான் ஒருத்தன் ஒரு தடவை ஃபிராங்ஃபர்ட் போய் வந்தது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், அதுவும் சின்ன எண்ணை எடுத்தால். பக்கத்து வீட்டுக்காரர் பிளைட்டே ஏறியதில்லை. சராசரி அவர் தலையிலும் விழுகிறது, ஐயா.

ஜூலை 22

ஊரில் இருக்கிறேன். ஆடிக் காற்று. மொட்டை மாடியில் பேச முடியாது, வாய்க்குள் மண்.

மாமாவுக்கு முப்பந்தல் பக்கம் பங்கில் இரண்டு காத்தாடி. ஊரில் காற்றாலை என்று யாரும் சொல்வதில்லை, காத்தாடிதான். 250 கிலோவாட், இரும்புச் சட்டக் கோபுரம். கரண்ட் இ.பி. கம்பி வழியாக, வீலிங் என்பார்கள், இராஜபாளையத்து மில்லுக்குப் போகும். நான் வாங்கிய தொகுப்பின் திட்ட ஆவணத்தை போனில் திறந்து, ஒவ்வொரு காத்தாடிக்கும் போட்டிருந்த இ.பி. சர்வீஸ் நம்பரைக் காட்டினேன். மாமாவுடையது இல்லை. அடுத்த காட்டில் நிற்பது இருந்தது. மாமாவுடையது வேறொரு தொகுப்பில் போயிருக்கிறது.

எதற்கு மாமா காத்தாடி வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"எதுக்கா? இன்கம்டாக்ஸுக்குலே. முதல் வருசமே 80 சதவீதம் தேய்மானம் கழிச்சுக்கலாம்னு ஆடிட்டர் சொன்னாரு. செப்டம்பர் 30-க்குள்ள ஓட்டிக் காட்டணும், தாண்டிட்டா அந்த வருசம் பாதிதான். ராத்திரி பகலா கிரேன் நின்னுச்சு பாத்துக்கோ. மில்லுக்கு கரண்ட் செலவும் குறையும்லா."

கார்பன் காசு?

"அது ஓட ஆரம்பிச்சு ஒரு வருசம் கழிச்சு ஒரு கன்சல்டன்ட் பையன் வந்தான். கையெழுத்துப் போடுங்க, சும்மா வர்ற காசுன்னான். போட்டேன். வந்துச்சு ரெண்டு மூணு தடவை. பொறவு வரல, நானும் கேக்கல."

பிப்ரவரியில் நான் பாதிப் பக்கம் எழுதிய ஆராய்ச்சியை மாமா சாயங்காலக் காப்பி ஆறுவதற்குள் முடித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காத்தாடி நிஜமாகவே நிலக்கரியை மிச்சம் பிடித்திருக்கிறது. என் காசுக்கும் அதற்கும்தான் சம்பந்தமில்லை.

ஜூலை 23

விட்டுப்போனது. இரண்டில் ஒன்று சித்திரையில் இருந்து நிற்கிறது. கியர்பாக்ஸ். அந்த மாடலுக்கு உதிரிபாகம் இப்போது வருவதில்லை, பழையதில் இருந்து கழற்றித்தான் போட வேண்டும். சுற்றிலும் எல்லாம் சுற்றுகிறது, இது மட்டும் இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு வருஷமாக நஷ்டம், கழித்துப் போட்டுவிடலாமா என்று பங்காளிகள் கேட்கிறார்களாம்.

500 ரூபாய் கதையைச் சொன்னேன். மாமா சிரிக்கவில்லை. "என்கிட்ட குடுத்திருந்தா ஒரு டின் கிரீஸாவது வாங்கிருப்பேன், மருமவனே" என்றார்.

யோசித்துப் பார்த்தால் ஐ.நா., தணிக்கையாளர், பதிவேடு எல்லாம் தாண்டி அந்தக் கிரீஸ் டின்தான் நான் வாங்கியிருக்கக்கூடிய உண்மையான ஆஃப்செட். அது இல்லாவிட்டால் நிற்கும், இருந்தால் ஓடும்.

ஆகஸ்ட் 3

மாமாவின் ஜிபே நம்பர் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒருவர் முதலில் கேள்வி கேட்ட லண்டன் நண்பர் (டிக் போடவில்லையாம், போய்விட்டும் வந்தாச்சாம்). விளையாட்டுக்கா நிஜமாகவா தெரியவில்லை, ஆனாலும் நேற்று போனில் மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, காற்று மட்டும் கேட்டது.

"அனுப்புனா சர்ட்டிபிகேட் கேப்பாங்களாலே?" என்றார்.